அறுவைச் சிகிச்சைக்குப் பின் உழைப்புக்குத் திரும்புதல்

(தாம்பரத்திற்குத் தெற்கே உள்ள ஊராட்சிகளின் உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில், ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

ஏரியைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசக் கூடியுள்ள இவ்வவையில், உடலைப் பற்றிப் பேச எனக்கும் சிறிது நேரம் அளித்தமைக்கு நன்றி. நான் மருத்துவன் அல்லன். ஊர் ஊராகச் சென்று சுகாதாரப் பணி ஆற்றியவன். ஆயினும் என் வயிற்றில் ஒரு நீண்ட தையற்கோடு உண்டு. அந்தக் கோடு எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று உங்களிடம் கூற வந்துள்ளேன்.

ஏரிக்கரையில் உடைப்பு ஏற்பட்டால் நாம் என்ன செய்கின்றோம்? மண் கொட்டி அடைக்கின்றோம். கொட்டிய மண்ணை அப்படியே விட்டுவிடுகின்றோமா? இல்லை. அடுக்கடுக்காகப் பரப்பி, மிதித்து, திமிசு போட்டு இறுக்குகின்றோம். ஆனால் அந்தப் புதுக்கரையின்மீது மறுநாளே நெல்லேற்றிய வண்டியை ஓட்ட எவரேனும் ஒப்புவரோ? ஒப்பார். மிதிக்கவும் வேண்டும், பாரம் ஏற்றாமலும் இருக்கவேண்டும். அறுத்துத் தைக்கப்பட்ட வயிறும் அத்தகைய கரையே. இவ்வுண்மையை ஏரிக்கு அறிந்துள்ள நாம், நம் உடலுக்கு மட்டும் மறந்துவிடுகின்றோம்.

ஒரே வீட்டில் இரண்டு தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் என் குடலில் அடைப்பு ஏற்பட்டது. தொப்புளுக்கு மேலும் கீழுமாக வயிற்றைத் திறந்து மருத்துவர்கள் அதனை நீக்கினர். மறுநாளே செவிலியர் என்னை எழுப்பி நாற்காலியில் அமர்த்தினார். அதற்கு மறுநாள் கைப்பிடித்து நடத்தினார். வீட்டிற்குச் சென்ற பின்னும் நாள்தோறும் நடக்கவேண்டும் என்று சொல்லியே அனுப்பினார்கள். ஆனால் வீட்டிற்கு வந்ததும் நிலைமை மாறிற்று. “அண்ணா, நீங்கள் அசையவே கூடாது” என்றான் தம்பி. “மாமா, கட்டிலை விட்டு இறங்காதீர்கள், எல்லாம் கையில் கொண்டுவந்து தருகிறேன்” என்றாள் மருமகள். அன்பினால் சொன்னார்கள். நானும் இருபது நாட்கள் படுத்திருந்தேன். பின்னர் எழுந்தபோது, வாசலில் உள்ள இரண்டு படிகளும் திருநீர்மலைப் படிக்கட்டுகளைப் போலத் தோன்றின. தொடைகள் மெலிந்திருந்தன, மார்பில் சளி கட்டியிருந்தது. பிறருக்கு அறிவுரை கூறியே காலம் கழித்த நான், எனக்குக் கூறப்பட்ட அறிவுரையைக் காற்றில் விட்டேன்.

அடுத்த ஆண்டு என் தம்பிக்கு இரைப்பையில் புண் முற்றி ஓட்டை விழுந்து, அவனுக்கும் வயிற்றைத் திறக்கவேண்டியதாயிற்று. அவன் உழவன். நவரைப் பட்டத்திற்கு நாற்று தயாராக இருந்தது. பதினைந்தாம் நாள் வெளித்தோல் ஆறியிருக்கக் கண்டு, தான் முற்றும் குணமடைந்துவிட்டதாகக் கருதினான். நான்காவது வாரத்தில், நீர் இறைக்கும் மோட்டாரை மற்றொருவரோடு சேர்ந்து தூக்கி வைத்தான். சில திங்களில் தையல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம்போல் ஒரு புடைப்பு எழுந்தது. இருமினால் பெருகும், படுத்தால் மறையும். உள்தையல் விலகி, அவ்வழியே குடல் துருத்திற்று. மோட்டாரைத் தூக்கியது மட்டுமே காரணம் என்று மருத்துவர் கூறவில்லை. விடாத பீடியும் அதனால் வந்த இருமலும் சேர்ந்தே செய்தன என்றார். மீண்டும் அறுவை. அவ்வாண்டு சொர்ணவாரிக்கு அவன் நிலம் தரிசாகக் கிடந்தது.

நான் அளவுக்கு மீறிப் படுத்தேன். அவன் அளவுக்கு முந்தித் தூக்கினான். நம் ஊர்களில் அறுவை செய்துகொண்டோர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றையே செய்கின்றனர்.

நடை ஏன் மருந்தாகிறது?

ஒரு காலத்தில் மருத்துவர்களே நோயாளியை இரண்டு மூன்று வாரங்கள் படுக்கையில் வைத்தனர். 1899ஆம் ஆண்டிலேயே சிகாகோ நகரில் எமில் ரீஸ் என்னும் மருத்துவர், அறுவைக்குப் பின் ஓரிரு நாளில் நோயாளிகளை எழுப்பி நடத்தி, அதனால் தீங்கில்லை என்று எழுதினார். அன்று அதனை ஏற்றவர் சிலரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் அம்முறை பரவிற்று. 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கேலெட், வலியைத் தணித்தல், விரைவில் உணவளித்தல், விரைவில் எழுப்புதல் ஆகியவற்றை ஒன்றாக இணைத்து ஒழுங்கான முறையாக வகுத்தார். இன்று உலகெங்கும் அதுவே நெறி.

படுத்தே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கிக் காய்ச்சல் வரும். காலில் குருதி உறைந்து, அவ்வுறைகட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. குடல் சோம்பி வயிறு உப்பும். தசையும் கரையும். நோயில்லாத முதியோர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தபோது, அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்ததென 2007இல் வெளியிட்டனர். நோயில்லாதவர்க்கே இந்நிலை என்றால், அறுவையால் தளர்ந்தவர்க்குச் சொல்ல வேண்டுமா?

நம் தாம்பரமும் இப்பாடத்திற்கு அயலானதன்று. தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையத்தில் நாம் ஏறி இறங்குகின்றோமே, அப்பெயர் காசநோயாளருக்காக டாக்டர் சவுரிமுத்து 1928இல் நிறுவிய ஆரோக்கிய நிலையத்தால் வந்தது. இங்கிலாந்தில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர் அவர். 1937இல் அரசு அதனை ஏற்றது. ஆரோக்கிய நிலையங்கள் ஓங்கியிருந்த அக்காலத்தில், இங்கிலாந்திலுள்ள பிரிம்லி நிலையத்தில் மார்க்கஸ் பேட்டர்சன் என்பவர் நோயாளிகளை முதலில் நடக்கச் செய்தார்; நடை தாங்கிய பின் சிறு கூடை சுமக்கச் செய்தார்; அதன் பின்னரே மண்வெட்டியைக் கொடுத்தார். அந்நோய்க்கு இன்று மருந்துகள் வந்துவிட்டன. ஆயினும் ‘முதலில் நடை, பிறகு கூடை, அதன் பிறகே மண்வெட்டி’ என்ற வரிசை வயிற்று அறுவை செய்துகொண்ட உழவனுக்கு இன்றும் பொருந்தும்.

பாரம் ஏன் காத்திருக்கவேண்டும்?

வெளித்தோல் பத்துப் பதினைந்து நாளில் ஒட்டிக்கொள்ளும். அதனைக் கண்டுதான் நாம் ஏமாறுகின்றோம். வயிற்றைத் தாங்குவது தோலன்று. அதன் அடியில் உள்ள வெண்ணிறமான கெட்டிச் சவ்வும் தசையுமே. அச்சவ்வு மூன்றாவது வாரத்தில் தன் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையும், ஆறாவது வாரத்தில் ஏறத்தாழப் பாதியையும் அடையும். பல திங்கள் கழிந்த பின்னும் ஐந்தில் நான்கு பங்கு அளவிலேயே நிற்கும். ஆகவே நடு வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் முதல் ஆறு வாரங்களுக்கு 4 அல்லது 5 கிலோவுக்கு மேல் தூக்கலாகாது என்பது பொதுவான அறிவுரை. சிறு துளைகளின் வழியே கருவி செலுத்திச் செய்யும் அறுவையாயின் காலம் குறையலாம். அதனை அறுவை செய்த மருத்துவரே கூறவேண்டும்.

கிலோக் கணக்கு நம் வீட்டுப் பொருள்களில் எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு பெரிய குடம் தண்ணீர் 15 கிலோ. தாம்பரத்தைச் சுற்றியுள்ள வீடுகள்தோறும் வந்திறங்கும் தண்ணீர் கேன் 20 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ. நெல் மூட்டையைச் சொல்லவே வேண்டுவதில்லை. 

தாய்மார்களின் நிலையை இங்கே தனியே கூறவேண்டும். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நிகழ்ந்த பிரசவங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 அறுவையின் வழியே நிகழ்ந்தவை. ஆகவே நம் ஊர்களில் வயிற்று அறுவை செய்துகொண்டோரில் மிகப் பலர் இளந்தாய்மார்களே. “பிரசவம்தானே” என்று நாம் சொல்லிவிடுகின்றோம். வயிற்றையும் கருப்பையையும் திறந்து மூடிய பெரிய அறுவை அது. ஆடவன் ஒருவனுக்கு அறுவை நடந்தால் வீடே அவனைத் தாங்குகிறது. அதே வீட்டில் மருமகள் மூன்றாம் வாரமே கேனைக் கவிழ்க்கிறாள். முதல் வாரங்களில் அவள் தன் குழந்தையைவிட கனமான எதையும் தூக்கலாகாது என்பதை மாமியாரும் கணவனும் மனத்திற் கொள்ளவேண்டும்.

படிப்படியான பயிற்சி

இனி, செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுகிறேன். ஒவ்வொருவரும் தம் மருத்துவரின் சொல்லையே முதன்மையாகக் கொள்க.

முதல் நாட்களில் மூச்சுப் பயிற்சி. மூக்கின் வழியே ஆழ்ந்து இழுத்து, சிறிது நிறுத்தி, மெல்ல விடவேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை பத்துத் தடவை. இருமல் வந்தால் அடக்கலாகாது. தலையணையையோ மடித்த துண்டையோ தையல்மீது இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு இருமவேண்டும். படுத்திருக்கும்போது பாதங்களை முன்னும் பின்னும் அசைக்கவேண்டும். எழும்போது நேராக எழாமல், முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழவேண்டும்.

முதல் வாரத்தில் வீட்டிற்குள்ளும் வாசலிலும் ஐந்து நிமிட நடை, நாளொன்றுக்கு நான்கைந்து முறை. இரண்டாம் வாரத்தில் தெருக்கோடி வரை. மூன்றாம் நான்காம் வாரங்களில் இருபது முப்பது நிமிடம். நடக்கும்போது பேச முடிகின்ற அளவே போதும். இன்று நடந்ததால் நாளை வலி கூடினால், ஒரு படி இறங்கி மீண்டும் ஏறுக. வலி மாத்திரையை மருத்துவர் சொன்னபடி உண்பது இழிவன்று. வலி தணிந்தாலன்றி மூச்சும் நடையும் ஒழுங்காக நடைபெறா.

வலி அடங்கியதும், மூச்சை வெளிவிடும்போது தொப்புளை மெல்ல உள்ளிழுத்து, ஐந்து எண்ணும் வரை வைத்து விடலாம். வயிற்றின் உள்தசையை எழுப்பும் எளிய பயிற்சி இது. படுத்த நிலையிலிருந்து உடம்பைத் தூக்கி எழும் பயிற்சி, சூரிய நமஸ்காரம், வயிற்றை ஒட்ட உள்ளிழுக்கும் ஆசனங்கள் ஆகியவற்றை மூன்று திங்கள் வரை ஒத்திவைப்பதே நன்று.

ஆறாவது வாரம் மருத்துவரிடம் காட்டிய பின், வயல் வேலையையும் படிகளாகப் பிரித்துக்கொள்க. முதலில் மடை பார்த்தல், கீரை கட்டுதல், கணக்கெழுதுதல். பின்னர் சிறு களைக்கொத்து. மண்வெட்டி பிடிப்பதும் மூட்டை தூக்குவதும் மூன்று திங்களுக்குப் பின்னரே. அதுவும் பாதி மூட்டையில் தொடங்கி. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளிவிட்டுத் தூக்குக.

வயிற்றுப் பட்டை கட்டினால் நடக்கும்போது இதமாக இருக்கும். ஆனால் அது தசைக்கு ஈடன்று. பட்டை கட்டியிருக்கிறோம் என்ற துணிவில் மூட்டையைத் தொடலாகாது.

பத்தியம் என்ற பெயரில் உணவைக் குறைத்தல் பெரும் பிழை. காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால், வேர்க்கடலை ஆகியவற்றில் வீட்டிற்கு இயன்றதை, மருத்துவர் தடுத்தாலன்றி, நாள்தோறும் உண்க. மலச்சிக்கல் வந்தால் முக்கவேண்டி வரும். முக்கினால் தையல்மீது பாரம் விழும். கீரையும் பழமும் போதிய நீரும் அதனைத் தடுக்கும். நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். பீடி சிகரெட்டை அறவே விடவேண்டும்.

காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், தையல் பிரிதல், ஓயாத வாந்தி, காற்றுப் பிரியாமல் வயிறு உப்புதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகிய இவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. திடீரென மூச்சுத் திணறலோ மார்பு வலியோ கண்டால் உடனே 108ஐ அழைக்கவேண்டும்.

காந்தியடிகள் காட்டிய பொறுமை

“இவ்வளவு பொறுமை எங்களுக்கு ஏது?” என்று சிலர் கேட்கக்கூடும். 1924 ஜனவரி 12ஆம் நாள் இரவு, புனா நகரின் சாசூன் மருத்துவமனையில், கைதியாயிருந்த காந்தியடிகளுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. நடுவே மின்விளக்கு அணைந்துவிட, விளக்கொன்றின் ஒளியில் கர்னல் மாடக் அதனை முடித்தார். அப்போது அண்ணலுக்கு வயது 54. பிப்ரவரியில் அரசு அவரை விடுவித்தது. நாடே அவர் வருகையை எதிர்நோக்கியிருந்தது. வேலை மலைபோல் குவிந்திருந்தது. ஆயினும் பம்பாயை அடுத்த ஜூஹு கடற்கரையில் தங்கி உடலைத் தேற்றிக்கொண்ட பின்னரே அவர் ஆசிரமம் திரும்பினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1930இல், அதே உடலோடு தண்டி வரை 24 நாட்களில் ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நடந்தார். உடலுக்குரிய காலத்தை உடலுக்குக் கொடுத்தவர், பின்னர் அதனிடம் வேண்டிய வேலையைப் பெற்றார்.

ஊராட்சி செய்யக்கூடியவை

பெரியோர்களே! காந்தியடிகளைத் தாங்க நாடு இருந்தது. நம் ஊர்க் கூலித் தொழிலாளியை யார் தாங்குவது? ஆறு வாரம் வேலைக்குச் செல்லாவிடில் அடுப்பு எரியாத வீட்டில், “பாரம் தூக்காதே” என்பது வெறும் சொல்லே. முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென், வேங்கைவாசல் முதலிய ஊர்களைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டது. தாம்பரம் 2021இல் மாநகராட்சியாயிற்று. வயலில் இருந்தவர் பலர் கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் சென்றுவிட்டனர். அவர்களுடைய முதல் வயிறே. ஆகவேதான் ஊராட்சி உறுப்பினர்களாகிய உங்களிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, அறுவை முடிந்து வீடு திரும்புவோரைக் கிராம சுகாதாரச் செவிலியருடன் கலந்து அறிந்துகொள்க. வீடு தேடிச் சென்று இயன்முறைப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இடம்பெற்றது. அத்தகைய உதவி உங்கள் ஊருக்கு எந்நாளில் கிடைக்கும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து அவ்வீட்டாருக்குத் தெரிவிக்கவேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். அறுவை செய்துகொண்ட பெண் உள்ள வீட்டிற்கு ஆறு வாரங்களுக்கு நீர் தூக்கித் தரும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்கள் முறை வைத்து ஏற்கலாம். நாள் ஒன்றுக்கு ஒருவருக்குக் கால் மணி நேர வேலை. அவளுக்கோ வாழ்நாள் உதவி.

மூன்றாவது, உழைப்பு. ஒருவர் வயலில் மற்றவர் உழைத்துக் கொடுத்து, பின்னர் அவ்வுழைப்பைத் திரும்பப் பெறும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. அறுவை செய்துகொண்ட உழவனுக்கு அவ்வழக்கத்தைப் புதுப்பியுங்கள். ஊராட்சிப் பணிகளில் அவருக்கு எளிய வேலை தர வழியிருந்தால் அதனை அளியுங்கள்.

நான்காவது, நடக்க இடம். நலிந்தவர் அஞ்சாமல் நடப்பதற்கு மேடு பள்ளமில்லாத ஒரு தெரு, இடையிடையே அமர்வதற்கு ஒரு கல் பெஞ்சு, ஒரு மரநிழல் ஆகிய இவ்வளவே போதும். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை வேளையில் முதியோர் நடப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் ஊர் ஏரிக்கரைகளிலும் அதற்கு இடமுண்டு.

என் தம்பி இப்பொழுது நலமாக உள்ளான். இரண்டாவது அறுவைக்குப் பின் மூன்று திங்கள் வரை மண்வெட்டியைத் தொடவில்லை. நாள்தோறும் மாலையில் நாங்கள் இருவரும் கரைமீது நடந்தோம். நான் படுக்காமலிருக்க அவன் காவல். அவன் தூக்காமலிருக்க நான் காவல். அடுத்த சம்பாவில் அவன் நிலம் விளைந்தது. அவ்வாறே ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கொருவர் காவலாக இருக்கவேண்டுகின்றேன். வீட்டில் ஆள் இல்லாதவர்க்கு ஊராட்சியே அக்காவலாகட்டும்.